சுவர் விளம்பரத்துல இருந்து கைப்பயிற்சி வரை

பீச்ல இருந்து எண்ணூர் பக்கம் போற மின்சார ரயில்ல ஏறினவங்களுக்கு அந்தச் சுவர் விளம்பரம் ஞாபகம் இருக்கும்: 'ஆண்மைக் குறைவா?' கீழ ஒரு போன் நம்பர்.

இதைத் தடுக்க 1954-லயே மத்திய சட்டம் வந்தாச்சு. பாலியல் திறனைக் கூட்டும்னு மருந்துக்கு விளம்பரம் போட்டா, முதல் தடவையே 6 மாசம் வரை ஜெயில். ஹம்தர்த் தவாகானா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1959 டிசம்பர்ல சட்டத்தோட சில பகுதிகள் விழுந்துச்சு, தடை நின்னுச்சு.

ஆனா சட்டம் பேசுறது மருந்து, தாயத்து, மந்திரத்தைப் பத்தி. இப்ப போன்ல வர்ற 'இப்படிப் பிடி, இப்படி இழு' கைப்பயிற்சியில பாட்டிலும் இல்ல, தாயத்தும் இல்ல. என் வாசிப்புல அது இடுக்குல நழுவிடுது. 'ஜெல்கிங்'னு பேரு வேற! ஆனா அது பைசெப்ஸ் இல்லப்பா. ரத்தம் நிரம்புற பஞ்சு மாதிரித் திசு. அழுத்தி இழுத்தா உள்ள தழும்பு விழலாம், வளைஞ்சும் போகலாம்.

2015-ல லண்டன் ஆய்வாளர்கள் 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்தாங்க. விறைச்ச நிலையில சராசரி 13.12 செ.மீ. வீடியோ பாத்து ஒப்பிட்டுப் பயப்படுற பையனுக்கு இந்த எண்ணை யாரும் சொல்றதில்ல.

நிஜமாவே சந்தேகமா? ராயபுரத்துப் பக்கத்துலயே ஸ்டான்லி இருக்கு. யூராலஜி ஓபி, இலவசம்.