செம்புச் சுரங்கம் இல்லாத நாட்டுச் செம்பு

மனிதர்களுக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு! ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் 'சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின்' என்பார்கள். இந்தப் பொருள் இன்ன நாட்டில் உருவானது என்று அந்நாட்டு அலுவலகம் முத்திரை குத்தித் தரும் தாள். அது இருந்தால் ஒப்பந்த நாட்டில் சுங்க வரி குறையும், சில பொருட்களுக்கு அடியோடு இல்லாமலே போகும். இந்தத் தாள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கதை ஒன்றே போதும்.

1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தான இந்தத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நாட்டுச் சரக்கு இலங்கை வழியாக இந்தியாவுக்குள் நுழைந்துவிடக் கூடாதே! அதனால், ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் கூடிய மதிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். (இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் இருந்தால் 25 போதும்.) கூடவே, வெளியிலிருந்து வாங்கிய மூலப்பொருளும் செய்து முடித்த பொருளும் சுங்க அட்டவணையில் வெவ்வேறு நான்கு இலக்கத் தலைப்புகளில் வர வேண்டும். இலங்கையில் சான்றிதழ் தருவது வணிகத் திணைக்களம். படிக்கும்போது பூட்டு கெட்டியாகத்தான் தெரிகிறது.

நடந்தது என்ன? இந்தியாவுக்கு இலங்கையின் ஏற்றுமதி 2000-ல் 6 கோடி டாலர் கூட இல்லை. 2005-ல் 55 கோடியைத் தாண்டியது. தேயிலையா, மிளகா? இல்லை... பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும்! அங்கே செம்பு வெட்டி எடுக்கும் சுரங்கமே கிடையாது. வனஸ்பதிக்கான பாமாயிலும் வெளிநாட்டில் இருந்து வந்ததுதான்.

சூட்சுமம் வரி வித்தியாசத்தில் இருந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. இந்தியத் தொழிலதிபர்களே அங்கு போய் ஆலை போட்டார்கள். எண்ணெயை இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் திரும்ப இந்தியாவுக்கே அனுப்பினார்கள்.

செம்புக் கதை இன்னும் சுவாரசியம். பழைய செம்பின் (ஸ்கிராப்) தலைப்பு 7404. உருக்கினால் 7402 அல்லது 7403. ஆக, தலைப்பு மாறிவிட்டது. ஆனால் வெறுமனே உருக்குவதில் 35 சதவீதம் எங்கே கூடும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 டாலர் ஸ்கிராப், 100 டாலர் விற்பனை என்றால் சான்றிதழ் கிடைக்கும். 85 டாலருக்கு வாங்கியதை பில்லில் 65 என்று எழுதினால்? அதற்கும் கிடைக்கும்! இந்திய உற்பத்தியாளர்களின் புகார் இதுதான். விதி பார்ப்பது பில்லில் உள்ள விலையைத்தானே.

அதற்காக எல்லா ஆலையும் போலி என்று தள்ளிவிட முடியாது. உலை எரிந்தது நிஜம், அங்கே வேலை பார்த்தவர்களும் நிஜம். இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டது. பிறகு 2008 ஏப்ரலில், விலைவாசியைச் சமாளிக்க, கச்சா சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியையே நீக்கியது. வித்தியாசம் போனதும் ஆலைகள் அங்கே இருக்கக் காரணமும் போனது. முதலாளிகள் மூட்டை கட்டலாம், உள்ளூர்த் தொழிலாளி எங்கே போவார்?

2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் புது விதிகள். சான்றிதழ் மட்டும் போதாது, மதிப்பு எப்படிக் கூடியது என்ற விவரத்தை இறக்குமதியாளரும் கையில் வைத்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் அந்த விதிகளில் இருந்த 'சான்றிதழ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆதாரம்' என்று மாற்றினார்கள்.