கார்பைனும் எஸ்.எல்.ஆரும்: வித்தியாசம் நீளத்தில் இல்லை

செட்டிபாளையத்தில் பெரியாக்கள் ‘இந்திய ஆமிக் காலம்’ பற்றிக் கதைக்கும்போது கட்டைத் துவக்கு, நெட்டைத் துவக்கு எண்டு ரெண்டு வகை வரும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையிடம் இரண்டுமே இருந்தன: கான்பூரில் செய்த 9 மி.மீ. கார்பைன், இசாப்பூரில் செய்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்.

நீளத்தைவிடப் பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கார்பைன் சுடுவது கைத்துப்பாக்கி ரவை, அழுத்தம் குறைவு. அதனால் குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைப் பூட்டத் தேவையில்லை. போல்ட்டின் பாரமும் சுருள்வில்லுமே, ரவை வெளியேறும்வரை தாக்குப்பிடிக்கும். எஸ்.எல்.ஆருக்கு அது காணாது. அதன் போல்ட் சரிந்து பூட்டிக்கொள்ளும். ரவை முன்னே போனபிறகு, குழலிலிருந்து பிரியும் வாயு பிஸ்டனைத் தள்ளிப் பூட்டைத் திறக்கும்.

அந்தப் பூட்டு சுடுபவரைக் காத்தது. எதிரே இருந்த சனத்தை? கார்பைன் ரவை செக்கனுக்குச் சுமார் 390 மீற்றர் வேகத்தில் போகும், எஸ்.எல்.ஆர் ரவை சுமார் 840 மீற்றர். கிடுகு வேலி ரெண்டையும் மறிக்காது. கல்வீட்டுச் சுவரையும் எஸ்.எல்.ஆர் ரவை துளைக்கக்கூடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய எழுவான்கரையில் வேறு எங்கே ஒதுங்குவது?

ஆகவே வாய்மொழி வரலாறு சேர்க்கும் நாங்கள் ‘துவக்குச் சூடு’ எண்டு மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது. எந்தத் துவக்கு, எவ்வளவு தூரம், என்ன சுவர் எண்டும் கேட்பம். பழைய சுவர்களைப் பூச முன்னர் ஓட்டைகளை அளந்து படமெடுத்து வைப்பம்.