நயினாதீவுக் கல்வெட்டும் ஊராத்துறைச் சுங்கமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டைக் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். அந்தப் பதிப்போடு எனக்குப் பிணக்கு இல்லை. பிணக்கெல்லாம், பிறநாட்டு வணிகரிடம் மன்னன் காட்டிய பெருந்தன்மைக்கு இதைச் சான்றாக்கும் பரவலான வாசிப்போடுதான்.

பரதேசிகள் (பிறநாட்டு வணிகர்) ஊராத்துறைக்கே (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது கல்வெட்டு. பெருந்தன்மை வாசிப்பு இங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்து வருவது கணக்கு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பல் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு. உடைந்த கப்பலில் பாதியை எடுத்துக்கொள்ளும் அரசனை வள்ளல் என்பது எப்படி?

காகதீய கணபதிதேவனின் மோட்டுப்பள்ளி அபய சாசனத்தை (1244–45) இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். புயலில் உடைந்து கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் முழுதும் பறித்தார்கள் என்று அது சொல்கிறது. தான் குறித்த சுங்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவதாகக் கணபதிதேவன் அறிவிக்கிறான். வீதம் முப்பதில் ஒன்று. அது விட்டுக்கொடுப்பு. நயினாதீவில் இருப்பது பங்கீடு.

பங்கீடு என்றால் மேற்பார்வையும் உண்டு. இங்கே சான்று மெலிந்தது என்பதால் வாதத்தைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சரக்குக்கேற்பப் பங்கு மாறினால், கப்பலில் என்ன வந்தது என்று பார்க்க ஆள் வேண்டும். கரையேறியது ஒற்றைக் குதிரை என்றால் அதில் நாலில் ஒரு பங்கை எப்படி எடுப்பது? விலை மதித்தாக வேண்டும். மதிப்பீட்டாளர் எவரையும் கல்வெட்டு குறிப்பிடவில்லை. ஆனாலும் அப்படி ஒருவர் இல்லாமல் இந்த ஆணை ஒரு நாள்கூட நடந்திருக்காது. இதைக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்ததாக வரும் செய்தியையும் இதனோடு சேர்த்தே படிக்கிறேன். கல் வந்துபோவோர் பார்வைக்கு. செப்பேடு துறை அலுவலர் கையிருப்பாக இருந்திருக்கலாம், இது ஊகமே.

வெளியார் கப்பல் குறித்த துறைக்கே வரவேண்டும் என்பது இன்றும் சுங்கச் சட்டத்தின் அடிப்படை. இந்தியச் சுங்கச் சட்டம் (1962) 29ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. கரையொதுங்கிய சரக்கை இறக்குமதிச் சரக்காகவே நடத்தும்படி 21ஆம் பிரிவு கூறுகிறது. நேரடித் தொடர்ச்சி என்று இதைச் சொல்லமாட்டேன். ஒரே சிக்கலுக்கு இரு காலத்தவர் கண்ட விடைகள், அவ்வளவே.

யானைக்கு ஏன் இந்தச் சலுகை? பழங்காலந்தொட்டு யானையை வெளியே அனுப்பிய தீவு இலங்கை. சூளவம்சம் ஒரு விடை தருகிறது: இராமஞ்ஞ தேசத்து (பர்மா) அரசன் யானை விலையை ஏற்றினான், விற்பனையைத் தடுத்தான், பரிசில் கொண்டுவரும் கப்பலுக்கு யானை கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினான். பராக்கிரமபாகு அந்நாட்டின் மீது படையனுப்பியதற்கு அந்நூல் சொல்லும் காரணங்களில் இவையும் உண்டு. அப்படியானால் நாலில் ஒரு பங்கு என்ற குறைந்த வீதம் தருமம் அல்ல; படைக்கு வேண்டிய விலங்கைக் கொண்டுவருவோருக்கான ஊக்கம். ஊராத்துறையில் பராக்கிரமபாகு கப்பல் கட்டிப் படை திரட்டினான் என்று சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்வதும் இதற்கு இசைவானது. அயலார் கப்பல்கள் படைத்துறையின் கண்ணெதிரே நின்றன.

காலம் மட்டும் பிடிபடவில்லை. ஆணை பர்மாப் படையெடுப்புக்கு முந்தியதென்றால், யானை வரத்து அருகிய நாளில் பிற வழிகளைத் தேடியதன் தடயம் இது. பிந்தியதென்றால், மீண்டும் திறந்த வணிகத்துக்கான ஒழுங்கு. முந்தியது என்ற பக்கமே சாய்கிறேன். ஆனால் ஆட்சியாண்டு கிடைக்காத கல்லை வைத்து அதை நிறுவ முடியாது.