மூர் மார்க்கெட்டும் பழைய புத்தகக் கடைகளும்

சென்னைப் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் சுகாதாரக் கேடும் மிக்கதாகிவிட்டதால், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிப் புதிய சந்தை அமைக்க மாநகராட்சி முடிவுசெய்து, அதன் தலைவரான சர் ஜார்ஜ் மூரைக் கொண்டு 1898-இல் அடிக்கல் நாட்டியது. 1900-இல் திறக்கப்பட்ட இச்சந்தை, இந்திய, இசுலாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டுமானத்தோடு இணைக்கும் இந்தோ-சாராசெனிக் பாணியில், நடுவே திறந்த முற்றம் விட்டுச் செந்நிறத்தில் எழுந்தது.

காய்கறிக்கும் இறைச்சிக்கும் என்று கட்டப்பட்ட இடம், காலப்போக்கில் பழைய புத்தகம், கிராமபோன் இசைத்தட்டு, வளர்ப்புப் பறவை என எதையும் பேரம் பேசி வாங்கும் இடமாயிற்று. படிக்க வந்த வெளியூர் மாணவருக்குப் புத்தகக் கடைகளே முக்கியம். முதல் பக்கத்தில் முந்தைய உரிமையாளரின் பெயரும் ஓரங்களில் அவர் எழுதிய பென்சில் குறிப்புகளும் கொண்ட பாடநூலைப் பாதி விலைக்கும் கீழே வாங்கி, தேர்வு முடிந்ததும் அங்கேயே விற்றுவிட முடிந்தது. மாணவரைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ ஓர் இரவல் நூலகமே. சந்தையைத் திட்டமிட்டவர்கள் இதை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

1985 மே மாத இறுதியில் தீ விபத்தில் கட்டடம் அழிந்தது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற, பழைய இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது.