கப்பல் ஏறிய உடம்பு

அம்மா வாழ்க்கையில் முதல்முறையாகக் கப்பல் ஏறியது அறுபத்தாறு வயதில். செமோரிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பினோம். பினாங்குப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்கம் கடலில் தெரிந்த பச்சைத் தீவைக் காட்டி, "அதானே ஜெரஜாக்? தாத்தா மொதல்ல கால் வச்ச மண்ணு அதுதான்" என்றார். அதுவரை எனக்கு அது மூன்று நாள் உல்லாசப் பயணம் மட்டும்தான்.

தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ரஜூலா, போர்க்காலம் நீங்கலாக 1970களின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் பாய் விரித்த இடமே படுக்கை. பினாங்கு வந்தவுடன் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் இறக்கிவிடுவார்கள். உடுத்தியிருந்த துணியைக் கழற்றி வாங்கி ஆவியில் போட்டதையும், மருந்து வாடை அடிக்கும் தண்ணீரில் வரிசையாகக் குளிக்க வைத்ததையும் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "ஆட்டுக்குட்டிய கழுவுற மாதிரி கழுவுனாங்க" என்பார்.

அந்தத் தீவு பிறகு சிறையானது. 1969இல் தொடங்கிய சிறை 1993இல் மூடப்பட்டது. 2004இல் அங்கே ஓர் உல்லாச விடுதி திறந்தார்கள், ஸ்பாவுடன். அதுவும் இப்போது இல்லை. கூலிகளைக் கழுவிய தீவில் காசு கொடுத்துக் குளிக்க ஆள் வந்த காலமும் இருந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

எங்கள் கப்பலின் பெயர் வேண்டாம். ஏறிய முதல் நாளே ஸ்பாவைச் சுற்றிக்காட்டினார்கள். சீட்டுக் குலுக்கல் நடந்தது. பத்து நிமிடம் காலைப் பிடித்துவிட்டார்கள், இலவசமாக. அம்மாவுக்கு முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கால்கள். மங்கு தூக்கி மேட்டில் ஏறி இறங்கிய முட்டிகள். "வலி எங்கே?" என்று கேட்டு, மனித உருவம் வரைந்த தாளில் வட்டம் போட்டார்கள். அம்மா வாயைத் திறக்கத் திறக்க வட்டங்கள் கூடின. கடைசியில் அந்தத் தாள் மூன்று சிகிச்சைகளுக்கான விலைப்பட்டியலாக மாறியிருந்தது. கடற்பாசிப் பூச்சு உடம்பின் நச்சை எடுக்கும் என்றார்கள். நச்சை வெளியேற்ற நமக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, பாசியால் அந்த வேலை நடக்காது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு மசாஜுக்கு ஒப்புக்கொண்டோம். 129 டாலர், அதன்மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம். அட்டையைத் தட்டினால் போதும், காசைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1901இல் லண்டனில் ஒரு முடி அலங்காரக் கடையாகத் தொடங்கிய ஸ்டெய்னர், பின்னாளில் உலகின் பெரிய சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் ஸ்பா நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. அந்தக் கப்பல் ஸ்பா தொழில் 2019இல் ஒன்ஸ்பாவேர்ல்ட் என்ற பெயரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. கப்பல் ஒருவருடையது, ஸ்பா இன்னொருவருடையது, வருமானத்தில் இருவருக்கும் பங்கு என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலான ஏற்பாடு. மசாஜ் செய்யும் பெண்ணின் வருமானத்தில் பெரும்பகுதி கமிஷன். சிகிச்சை முடிந்ததும் களிம்பையும் எண்ணெயையும் எடுத்துக் காட்டுவது அவளுடைய சுபாவமல்ல, அவளுடைய வேலை.

இதைப் படித்தபோது எனக்குக் கங்காணி ஞாபகம் வந்தார். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே தோட்டங்கள் கங்காணி முறைக்கு மாறத் தொடங்கியிருந்தன. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமம் பெற்று, தன் ஊருக்கே போய், தன் சாதிசனத்தையும் பங்காளிகளையும் திரட்டி வருவார். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். பிறகு அந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள், கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. ஆனால் ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, தோட்டத்துக் கடையில் புத்தகத்தில் எழுதிய அரிசி, கருவாடு என்று கடன் வேறு வாசல் வழியாக வந்தது. 1920களின் கடைசியில் நல்ல தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. அதிலிருந்துதான் அந்தப் புத்தகத்தைக் கழிக்க வேண்டும். 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் இப்படி ஆள் எடுப்பது நின்றது. தாத்தா அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்துவிட்டார்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தாத்தா என்னை மன்னிக்க மாட்டார். அவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகக் கரை இல்லை. அம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது, மூன்றாம் நாள் திரும்பி வரச் செமோரில் வீடும் இருந்தது. நான் சொல்ல வருவது வேறு. கங்காணி சாட்டையைக் காட்டி ஆள் பிடிக்கவில்லை. மாமா என்று அழைக்கக்கூடிய ஒருவர், கழுத்தில் துண்டும் கையில் மோதிரமுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, "நான் இருக்கேன்ல" என்றார். மறுக்க முடியாமல் செய்தது அந்த உறவுதான். அவரும் தலைக்கணக்கு காட்டியாக வேண்டிய ஆள் என்பது திண்ணையில் தெரியாது.

மசாஜ் முடிந்து அறைக்கு வெளியே காத்திருந்தேன். கதவு திறந்தபோது அம்மா அந்தப் பெண்ணோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பாலித் தீவுக்காரி. ஒன்பது மாத ஒப்பந்தம், ஊரில் ஒரு குழந்தை. வாரத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று கணக்கு உண்டு, குறைந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கிராணி பால் எடை போட்டு எழுதுவார்ல, அந்த மாதிரிதான் இதுவும். இந்த வாரம் அவளுக்கு எடை கொறையுதாம்."

மேசையில் களிம்பு தயாராக இருந்தது. 48 டாலர். கால் வலிக்குத் தம்பூன் சுடுதண்ணீர் ஊற்றே போதும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த அம்மா, "ஒண்ணே ஒண்ணு எழுதச் சொல்லு" என்றார்.

நான் தடுத்திருக்கலாம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அவளுடைய உண்மையான கஷ்டமும் அந்தத் தொழிலுக்கு ஒரு விற்பனைக் கருவிதான். மேலே யாரும் கையை நனைக்க வேண்டியதில்லை. எடை குறைந்த ஒருத்தியை, எடை குறைந்த நாட்களை அறிந்த இன்னொருத்தியின் முன்னால் நிறுத்தினால் போதும். தோட்டத்தில் ஒருவர் பாலை இன்னொருவர் மங்கில் ஊற்றிக் காப்பாற்றிய பழக்கம், கப்பலில் 48 டாலராக யாரோ ஒருவரின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இறங்கும் நாள் காலையில் கதவுக்கடியில் கணக்குச் சீட்டு கிடந்தது. ஸ்பாவுக்கு மட்டும் இருநூறு டாலர் சொச்சம், நம் காசுக்குத் தொள்ளாயிரம் வெள்ளிக்கு மேல். அம்மா கடைசியாகத் தோட்டத்தில் வாங்கிய மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. "எவ்வளவுப்பா?" என்று கேட்டார். டாலரில் மட்டும் சொன்னேன்.