தோட்டச் சம்பளமும் அதன் சூத்திரமும்: லுணுகலையை முன்வைத்து ஒரு நோக்கு

பதுளையிலிருந்து பிபிலை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இம்மலைகளிற் கொழுந்து பறிப்போரின் நாட்சம்பளம் யாதென்ற வினாவுக்கு ஒரே எண்ணில் விடை கூறுதல் நெடுங்காலம் இயலாதிருந்தது. நாட்சம்பளம் என அறிவிக்கப்பட்ட தொகை பல நிபந்தனைகளின் கூட்டுத்தொகையாக இருந்தமையே அதற்குக் காரணம்.

வரவை எண்ணிக் காசு கொடுக்கும் முறை புதியதன்று. பிரித்தானியர் காலத்திற் கங்காணி, தன் ஆட்களுள் அன்றாடம் வேலைக்கு இறங்கியோரின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்றான். தொழிலாளியின் கூலிக்கோ 1927ஆம் ஆண்டின் சட்டமே குறைந்தபட்ச எல்லை வகுக்க வழிசெய்தது. 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்ததோ 1984இன் வேலைநிறுத்தத்திற்குப் பின்னரேயாம். 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன்பின் முதலாளிமார் சம்மேளனமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்களும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தங்கள் சம்பளத்தைத் தீர்மானித்தன.

2013ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாட்களுள் 75 சதவீதம் வேலைக்கு வந்தவருக்கே வரவுக் கொடுப்பனவு உரியது. 25 நாட்கள் வேலை வழங்கப்பட்ட மாதமொன்றில் 19 நாட்கள் வந்தவர் 11,780 ரூபா பெறுவார். 18 நாட்கள் வந்தவர் 8,640 ரூபாவே பெறுவார். காய்ச்சலாற் படுத்த ஒரு நாள் 3,140 ரூபாவைக் கொண்டுபோய்விடும்.

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான தூரமும் ஈண்டு நோக்கற்பாலது. விலைப்பங்கு என்பது தேயிலை விலையில் தொழிலாளிக்குரிய பங்கு எனப் பொருள்படும். ஆயின் 2009, 2011, 2013, 2016 ஆகிய நான்கு ஒப்பந்தங்களிலும் அது 30 ரூபாவாகவே நின்றது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறினும் இறங்கினும் அப்பங்கு அசையவில்லை.

முதுமைக்கான சேமிப்பும் இவ்வரையறையைச் சார்ந்ததே. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் செலுத்துவர். தோட்டங்களில் இவை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டன. எனவே 2013இல் நாளொன்றுக்குச் சேர்ந்தது 67 ரூபா 50 சதம். 620 ரூபாவும் அடிப்படைச் சம்பளமாக இருந்திருப்பின் 93 ரூபா சேர்ந்திருக்கும்.

2016இல் நாட்சம்பளம் 730 ரூபாவாயிற்று. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவாக, வரவுக் கொடுப்பனவு 60 ரூபாவாகக் குறைந்தது. 140 ரூபா உற்பத்தித்திறன் கொடுப்பனவாகப் புகுந்தது. குறித்த கிலோக் கணக்கில் கொழுந்து பறித்தவருக்கே அது உரியது. ஊவா மலைகளில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும். அப்போது தேயிலையின் மணம் சிறக்கும். நல்ல விலையும் கிட்டும். ஆனால் செடியிற் கொழுந்து அரிதாகும். தேயிலை உயர்ந்த விலைபெறும் பருவத்திலேயே அதைப் பறிப்பவருக்குக் கிலோக் கணக்கை எட்டுதல் கடினமாயிற்று. கணக்கை எட்டாதவருக்கு அரைப்பேர் போடும் வழக்கமோ தோட்டங்களில் நெடுநாளையது.

ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு எழுந்த போராட்டத்தின் முடிவில், 2019 ஒப்பந்தம் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தையும் 50 ரூபா விலைப்பங்கையும் வழங்கி, மற்றைய இரு கொடுப்பனவுகளையும் நீக்கியது. 2021இல் சம்பளச் சபை 900 ரூபாவும் 100 ரூபா நிவாரணப் படியுமாக ஆயிரத்தை நிர்ணயித்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆயினும் 2021இன் பின்னர் பறிக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டதாகவும் வேலைநாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. நிபந்தனை சம்பளத்தை விட்டு வேலையளவுக்கு இடம்மாறியது எனலாம்.

ஆதலால் தோட்டச் சம்பள வரலாற்றை எழுதப் புகுவோர் அறிவிக்கப்பட்ட தொகையை மட்டும் பதிதல் போதாது. அத்தொகையில் எவ்வளவு அடிப்படை, வேலைநாளை வழங்குபவர் யார், கிலோவை வகுப்பவர் யார் என்பவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். மழையின்மையாலும் நோயினாலும் விலைவீழ்ச்சியாலும் வரும் இழப்பை எவர் சுமந்தனர் என்பது அவற்றாலேயே புலப்படும்.