அட்-ஹாக் வலையமைப்பு: வழிச்செலுத்தலும் கணுக்களின் நடத்தையும்

கோபுரமோ கம்பியோ தலைமை நிலையமோ இல்லாமல், நகர்ந்துகொண்டே இருக்கும் வானொலிக் கருவிகள் தங்களுக்குள் அவ்வப்போது கட்டிக்கொள்ளும் தொடர்பு அமைப்பே அட்-ஹாக் வலையமைப்பு. பொறியியல் வட்டாரத்தில் இதை ‘மேனெட்’ என்பார்கள். இதில் பங்குபெறும் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. கைபேசி வலையமைப்பில் நம் கருவியின் வேலை கோபுரத்தோடு பேசுவது மட்டும்தான். மேனெட்டிலோ ஒவ்வொரு கணுவும் அடுத்தவர் செய்தியையும் வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாவட்டம். ஆனால் தலைநகரிலிருந்து புறப்படும் கோப்பு கடலூரையும் மயிலாடுதுறையையும் கடந்துதான் அங்கே வந்து சேரும். மேனெட்டில் செய்திப் பொட்டலத்தின் பயணமும் இப்படிப்பட்டதுதான், பாதை முழுக்க பிறர் இடம். அந்தப் பிறர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கண்டறிவது வழிச்செலுத்தல். அவர்கள் வழிவிடுவார்களா என்பது கணு நடத்தை. ஐம்பதாண்டு ஆராய்ச்சி முதல் கேள்விக்குப் பல விடைகளைத் தந்துவிட்டது. இரண்டாவது இன்னும் தீரவில்லை.

காரைக்கால் கடலில் ஒரு கணக்கு

படகு வானொலிகளின் வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறித்துவிடும். இரு அன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அரசலாற்றுத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளில் 5 மீட்டர் உயரத்தில் அன்டெனா இருப்பதாகக் கொண்டால் படகுக்கும் படகுக்கும் சுமார் 18 கி.மீ. எட்டும். கரையில் 40 மீட்டர் கோபுரம் ஒன்று இருந்தால் அதிலிருந்து படகு வரை சுமார் 35 கி.மீ. ஆகவே கரையிலிருந்து 80 கி.மீ. தள்ளி வலை விட்டிருப்பவரின் செய்தி கரை சேர, நடுவில் குறைந்தது 3 படகுகள் சரியான இடைவெளியில் நிற்க வேண்டும். இது ஏட்டுக்கணக்கு. கருவியின் ஆற்றலும் அலையடிப்பில் சாயும் அன்டெனாவும் இதைக் குறைத்துவிடும்.

இயந்திரம் இல்லாமலே மீனவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். வாக்கி டாக்கியில் ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்வதும், அது அதற்கப்பால் இருப்பவருக்குச் சொல்வதும் தமிழ்க் கடற்கரையில் பழகிப்போன வழக்கம். அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வெகுதூரம் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலும் இதே சிக்கல் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் சேர்ந்தே படுத்துவிட்டன. அட்-ஹாக் வலையமைப்பை ஆதரிப்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் சூழல் இதுதான்.

தோற்றம்

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு இயக்கிய அலோஹாநெட், தீவுகளுக்கிடையே கணினித் தரவை வானொலியில் அனுப்பியது. ஆனால் அங்கே எல்லாக் கருவிகளும் ஒரே மைய நிலையத்தோடுதான் பேசின. கைமாற்றிவிடும் வேலை அதில் கிடையாது.

அந்த வேலையைச் சேர்த்தது, 1970களின் முற்பாதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான தார்ப்பா தொடங்கிய பாக்கெட் வானொலி வலையமைப்பு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மலையுச்சிகளில் வைத்த கருவிகளும், ஓடும் வேன் ஒன்றில் ஏற்றிய கருவியும் சேர்ந்து இயங்கின. 1977 நவம்பர் 22 அன்று அந்த வேனிலிருந்து கிளம்பிய தரவு வானொலி, தரைவழி, செயற்கைக்கோள் என்று மூன்று வலையமைப்புகளைக் கடந்து சேர்ந்தது. இணையத்தின் வரலாற்றில் அந்த நாளுக்கு இடமுண்டு. அந்தப் பயணம் நகரும் கணு ஒன்றிலிருந்துதான் தொடங்கியது என்பதைச் சொல்பவர் குறைவு. இந்த அமைப்பில் ஒவ்வொரு கருவியும் 7.5 விநாடிக்கு ஒருமுறை, தான் இருப்பதையும் தனக்குத் தெரிந்த வழிகளையும் சுற்றிலும் அறிவித்தது. 1983இல் இதன் அடுத்த கட்டமான சுரான் திட்டம் தொடங்கியது. கருவிகளைச் சிறிதாக்குவதும், எதிரி குறுக்கிட்டாலும் தாங்கி நிற்பதும் அதன் நோக்கங்கள். பணம் கொடுத்தது இராணுவம் என்பதால் ‘கணு அழிந்தால் என்ன’ என்று மட்டுமே அப்போது கேட்டார்கள். ‘கணு ஒத்துழைக்க மறுத்தால் என்ன’ என்ற கேள்வி எழவில்லை. படைவீரரின் கருவி மறுக்காது.

வழி தேடும் முறைகள்

மடிக்கணினிகள் பரவிய 1990களில் இந்தத் துறை இராணுவ வட்டத்தைவிட்டு வெளியே வந்தது. 1994இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சார்லஸ் பெர்கின்சும், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரவீன் பகவத்தும் டி.எஸ்.டி.வி. நெறிமுறையை வெளியிட்டார்கள். பழைய வழித் தகவல் சுற்றிச்சுற்றி வந்து பொட்டலங்களை வட்டமடிக்க வைக்கும் நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து எளியது: ஒவ்வொரு வழிக்கும் அதன் இலக்குக் கணுவே வரிசை எண் இட வேண்டும், பெரிய எண் புதிய தகவல், சிறிய எண் பழையது. பகவத் பின்னாளில் ஏர்டைட் நெட்வொர்க்ஸ் என்ற வைஃபை பாதுகாப்பு நிறுவனத்தை நிறுவினார்.

டி.எஸ்.டி.வி. எல்லா வழிகளையும் எப்போதும் கையில் வைத்திருக்கும். பேச யாரும் இல்லாதபோதும் அறிவிப்புகள் பறந்துகொண்டே இருக்கும். அதற்கு மாறாக, தேவைப்படும்போது மட்டும் வழி தேடலாம் என்ற கருத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், டேவிட் மால்ட்ஸ் இருவரின் டி.எஸ்.ஆர். நெறிமுறையில் 1996இல் உருப்பெற்றது. அனுப்புபவர் ‘இன்னாரைத் தெரியுமா’ என்று கேட்பார். கேள்வி கைமாறிப் பரவும். விடையோடு பாதை முழுவதும் திரும்பி வரும். பெர்கின்சும் எலிசபெத் ராயரும் 1999இல் தந்த ஏ.ஓ.டி.வி. இந்தத் தேடலோடு டி.எஸ்.டி.வி.யின் வரிசை எண்ணை இணைத்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிடப் பழக்கமான நெறிமுறை கிடையாது.

மூன்றாவது பாதை பிரான்சில் பிறந்தது. இன்ரியா ஆய்வு நிறுவனத்தின் ஓ.எல்.எஸ்.ஆர்., எப்போதும் வழிகளைத் தயாராக வைக்கும் பழைய முறைக்கே திரும்பியது. ஆனால் அறிவிப்பை எல்லோரும் திரும்ப முழங்காமல், ஒவ்வொரு கணுவும் தேர்ந்தெடுத்த சில அண்டைக் கணுக்கள் மட்டும் பரப்பினால் போதும் என்றது. இணையப் பொறியியல் பணிக்குழு 1997இல் மேனெட்டுக்கென்று தனிக்குழு அமைத்தது. அதன்வழி ஏ.ஓ.டி.வி. 2003 ஜூலையிலும் ஓ.எல்.எஸ்.ஆர். அதே ஆண்டு அக்டோபரிலும் டி.எஸ்.ஆர். 2007இலும் ஆவணங்களாக வெளிவந்தன. மூன்றுக்கும் கிடைத்தது ‘சோதனை நிலை’ என்ற முத்திரைதான்.

எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. படகுகள் அரிதாகப் பேசினால் தேவைக்குத் தேடும் முறை மிச்சம் பிடிக்கும். எல்லோரும் ஓயாமல் பேசினால், ஒவ்வொரு தேடலும் கடல் முழுக்க வெள்ளமாகப் பரவி அலைவரிசையையே மூழ்கடித்துவிடும்.

சென்னையின் பங்கு

இந்தத் துறையின் அடிப்படை எல்லையைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற பி.ஆர். குமார். அவரும் பியூஷ் குப்தாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடர்த்தியாக இருக்கும் வானொலிக் கணுக்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு கணுவுக்கும் கிடைக்கும் தரவு வேகம் குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவு ஏறக்குறைய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது. நான்கு மடங்கு கணுக்கள் சேர்ந்தால் ஆளுக்குக் கிடைப்பது பாதியைவிடச் சற்றுக் குறைவு. காரணம், ஒவ்வொருவரும் தன் பேச்சைவிட அடுத்தவர் பேச்சைக் கடத்துவதிலேயே நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. ‘ஆள் சேரச் சேர வலையமைப்பு வலுப்படும்’ என்ற விளம்பர வாசகத்தை மறுக்க இந்த ஒரு கணக்கே போதும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சி. சிவராம் மூர்த்தியும் பி.எஸ். மனோஜும் எழுதி 2004இல் வெளிவந்த அட்-ஹாக் வலையமைப்புப் பாடநூல், இந்தியாவுக்கு வெளியிலும் பரவலாகப் படிக்கப்படுகிறது.

கணுக்களின் நடத்தை

ஆய்வுக்கூடம் தாண்டி, முன்பின் தெரியாதவர்களின் கருவிகள் ஒரே வலையமைப்பில் சேரும் என்ற எண்ணம் வந்தவுடன் சிக்கலின் முகம் மாறியது. அடுத்தவர் பொட்டலத்தைக் கடத்தினால் கரைவது என் பேட்டரி. கடத்தாமல் விட்டால் எனக்கு நட்டமில்லை, எல்லோரும் அப்படியே விட்டால் வலையமைப்பே இல்லை.

2000இல் ஸ்டான்ஃபோர்டின் செர்ஜியோ மார்ட்டி குழு இதற்கு ஒரு காவல் ஏற்பாட்டை முன்வைத்தது. வானொலியில் பேசுவது அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்கும். ஆகவே ஒரு பொட்டலத்தை அண்டைக் கணுவிடம் கொடுத்த பின் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், அது மேலே கடத்தியதா என்பது தெரிந்துவிடும். கடத்தாதவரைக் குறித்து வைத்துக்கொண்டு அவர் இல்லாத வழியைத் தேர்வது அடுத்த படி. 40 விழுக்காடு கணுக்கள் ஏய்க்கும் நிலையிலும், மிதமான நகர்வில் இது தரவுப் போக்கை 17 விழுக்காடு கூட்டியதாகப் பாவனைச் சோதனைகள் காட்டின. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஏய்ப்பவருக்குத் தண்டனை கிடையாது. அவர் வழியாக எதுவும் வராது என்பதால் அவர் பேட்டரி இன்னும் மிச்சமாகும். அவர் அனுப்பும் பொட்டலத்தை மற்றவர்கள் வழக்கம்போலக் கடத்திக்கொண்டிருப்பார்கள். பிறகு சுவிட்சர்லாந்தில் உருவான கான்ஃபிடன்ட் முறை இந்த ஓட்டையை அடைத்து, ஏய்க்கும் கணுவின் செய்தியையும் யாரும் கடத்தாமல் ஒதுக்கிவைக்கச் செய்தது. அதே நாட்டில், கடத்துவதற்குக் கூலியாக எண்ணிம நாணயம் தரும் ‘நக்லெட்’ திட்டமும் எழுந்தது.

சோம்பலைவிடக் கெட்டது வஞ்சகம். ஏ.ஓ.டி.வி.யில் ‘இன்னாருக்கு வழி தெரியுமா’ என்று யாராவது கேட்டவுடன், மிகப்பெரிய வரிசை எண்ணோடு ‘எனக்குத் தெரியும்’ என்று ஒரு கணு பொய் சொன்னால் போதும், சுற்றுவட்டாரப் போக்குவரத்தெல்லாம் அதனிடம் வந்து சேரும். வந்ததை அது விழுங்கிவிடும். கருந்துளைத் தாக்குதல் என்பது இதன் பெயர். 1994இல் மருந்தாக வந்த அதே வரிசை எண்தான் இங்கே திருடனின் சாவி.

பாவனையும் கடலும்

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி என்.எஸ்.-2 போன்ற பாவனை மென்பொருள்களில் நடந்தது. 1998இல் கார்னகி மெலன் குழு 1500 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள கற்பனை மைதானத்தில் 50 கணுக்களை உலவவிட்டு நான்கு நெறிமுறைகளை ஒப்பிட்டது. அதன்பின் அந்த 50 கணுக்கள் ஏறக்குறையச் சடங்காகவே ஆகிவிட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வேடுகளிலும் அவையே சுற்றி வந்தன. அந்தக் கணுக்கள் மனம்போன இடத்தைத் தேர்ந்து, மனம்போன வேகத்தில் போய், சற்று நின்று, மறுபடி கிளம்பும். குறைந்தபட்ச வேகத்தைச் சுழி என்று வைத்தால் இந்த மாதிரியில் சராசரி வேகம் நேரம் செல்லச்செல்லத் தேய்ந்துவிடுகிறது என்று 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓடுவதாக நினைத்த கணுக்கள் பலவும் ஊர்ந்துகொண்டிருந்தன.

எந்த மீனவரும் இப்படி அலைவதில்லை. ஒரே ஊர்ப் படகுகள் கூட்டமாகப் போகும், மீன்பாடு இருக்கும் இடத்தில் குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அத்தனையும் கரையில் கட்டிக்கிடக்கும். அப்போது கடலில் கணுவே இல்லை, துறைமுகத்தில் குமாரின் கணக்குச் சொன்ன நெரிசல். 1999இல் முன்மொழியப்பட்ட குழு நகர்வு மாதிரி இந்தக் கடலுக்கு இன்னும் நெருக்கமானது.

களத்தில் நடந்தவை குறைவு, ஆனால் கனமானவை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு வி.எச்.எஃப். வானொலியால் கிராமங்களை இணைத்து, வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தது. அது மையம் உள்ள அமைப்பு, மேனெட் அல்ல. ஆயினும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையன்று நல்லவாடு கிராமத்தில் மக்களை வெளியேற்றியது அத்தகைய ஒலிபெருக்கிதான். தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அமைத்த நெடுந்தொலைவு வைஃபையில், பழுதுகளுக்குப் பெரிய காரணம் நெறிமுறையல்ல, தரங்கெட்ட மின்சாரம் என்று தெரியவந்தது. மேனெட்டுக்கு மிக அருகே வருவது கேரளக் கடலில் அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த ஓஷன்நெட்: கரையிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் எட்டும் வைஃபை, அதைப் பிடித்து அக்கம்பக்கப் படகுகளுக்குப் பகிரும் படகு.

கைபேசியில் இந்த நுட்பம் வேரூன்றவில்லை. ஆண்ட்ராய்டு கருவிகள் வைஃபையின் அட்-ஹாக் முறையைப் பயனருக்குத் திறந்துவிடவில்லை. புளூடூத் வழியே கைமாற்றும் ஃபயர்சாட் போன்ற செயலிகள் 2014 ஹாங்காங் போராட்டத்தில் பேசப்பட்டுப் பின் மங்கின. கடலிலோ செயற்கைக்கோள் முந்திக்கொண்டது: இஸ்ரோ உருவாக்கிய இருவழித் தகவல் கருவிகளை 1 லட்சம் மீன்பிடிக் கலங்களில் பொருத்தும் ஒன்றிய அரசின் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆபத்தில் இருக்கும் படகு கரையை எட்ட அதுவே சரியான வழி. அண்டைப் படகின் தயவை நம்பியிருக்க வேண்டாம். மேனெட்டுக்கு எஞ்சியிருப்பது படகுக்குப் படகு நடக்கும் அன்றாடப் பேச்சும் பகிர்வும். 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் காரைக்காலில், கடலுக்குப் பக்கத்திலேயே திருவேட்டக்குடியில் இருக்கிறது. அங்கே இந்தத் துறையில் நுழையும் மாணவர் இன்னொரு 50 கணுப் பாவனையை ஓட்டுவதற்கு முன், மீனவர்களின் இசைவோடு, ஒரு பருவம் முழுக்கப் படகுகளின் தடத்தைப் பதிவுசெய்தால் இந்தக் கட்டுரையின் அடுத்த பதிப்புக்கு நல்ல தரவு கிடைக்கும்.